இனியகுரலைத் தடுத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், மகள், மாடியில் குடியிருப்பவர், நீ கொடுத்த பெட்டி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. நீ என் போனை எடுப்பதில்லை. அதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பெட்டி வந்த முதல் வாரத்தில் மட்டும் நாற்பத்தொரு முறை கூப்பிட்டேன் என்று உன் மனைவி சொன்னாளாம். நான் எண்ணியது முப்பத்தெட்டு. மீதி மூன்றும் கை பட்டு அழுந்தியவை, அவற்றையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை. காகிதத்தில் எழுதினால் நடுவில் "அக்கா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட முடியாது என்பதால் எழுதுகிறேன். தவிர இதில் ஒரு குடும்ப விஷயமும் இருக்கிறது. அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, முன்னால் நடந்தது தெரியாவிட்டால் அது புரியாது.

முதலில் நல்ல செய்தி. பெட்டி வேலை செய்கிறது. வீட்டில் ஒரு போனிலும் விளம்பரம் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சோப்பு டப்பா அளவில் அந்தக் குட்டிக் கணினியையும், நான்கு பக்கத்தில் செய்முறையையும் கையில் கொடுத்து, "அக்கா, இது கொஞ்சம் டெக்னிக்கல், முடியலைன்னா விட்டுடு" என்று சொன்னாயே, அந்த வார்த்தைதான் என்னைச் செய்ய வைத்தது. முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணை மேசையில் உட்கார்ந்தவள் நான். யாராவது ஒரு பெயரைச் சொல்வார்கள், நான் எண்ணைச் சொல்வேன். உன் பெட்டி செய்வதும் அதேதான். போன் அதனிடம் ஒரு பெயரைச் சொல்லி எண் கேட்கிறது, அது சொல்கிறது. கேட்பது விளம்பரக்காரனின் பெயராக இருந்தால் மட்டும் "அப்படி ஒருத்தரும் இல்லை" என்று கைவிரித்துவிடுகிறது. இதில் டெக்னிக்கல் எங்கே வந்தது? எனக்கு அந்த அதிகாரம் மட்டும் அப்போதே கொடுத்திருந்தால் பாதிப் பேருக்கு எண்ணே கிடைத்திருக்காது.

உன் காகிதத்தில் ஆறு வரி வரை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஏழாவது வரியில் "பெட்டிக்கு மாறாத ஒரு முகவரி கொடு, வேறு எந்தக் கருவிக்கும் இல்லாததாகப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தாய். எண்களைப் பற்றி எனக்கே சொல்லித் தருகிறாயா என்று, எனக்குப் பிடித்த பதினேழைக் கொடுத்தேன். அது ஏற்கெனவே பிரிண்டரின் எண்ணாம். இரண்டு பேருக்கு ஒரே எண்ணைக் கொடுத்தால் எக்ஸ்சேஞ்சிலும் இதுதான் நடக்கும், ஆனால் அங்கே திட்டுவதற்காவது ஒரு சூப்பர்வைசர் இருந்தார். இங்கே பெட்டி கொஞ்ச நேரம் நான்தான் பதினேழு என்கிறது, பிரிண்டர் கொஞ்ச நேரம் நான்தான் என்கிறது, வீட்டில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது, மகள் ஒரே ஒரு பக்கத்தை அச்செடுக்க அரைநாள் நின்றாள். அந்த அரைநாளில்தான் உன்னைப் பத்தொன்பது முறை கூப்பிட்டேன். நீ எடுக்காததும் நல்லதுக்குத்தான், நானே பிரிண்டரைப் பிடுங்கிவிட்டுக் கண்டுபிடித்தேன். பெட்டிக்கு வேறு எண் கொடுத்து, ரூட்டரின் அமைப்புக்குள் போய், இனி இந்த வீட்டில் யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் பெட்டியிடம் கேட்கவேண்டும் என்று எழுதி வைத்தேன். பத்தே நிமிஷம். பத்திரிகைப் பக்கத்தைத் திறந்தால் பினாயில் போட்டுக் கழுவிவிட்ட தரை மாதிரி பளிச்சென்று இருந்தது. செய்தி இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த உற்சாகத்தில்தான் பட்டியல் சேர்க்க ஆரம்பித்தேன். "தடுக்கவேண்டிய பெயர்களுக்கு ஒரு பட்டியல் போதும், அதிகம் சேர்க்காதே" என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். நான் பத்தொன்பது சேர்த்தேன். உலகத்தில் நல்லவர்கள் சிலர் உட்கார்ந்து இந்தப் பட்டியல்களைத் தயாரித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் காலை டி.வி. நிறுவனத்தின் சின்னத்தைக் காட்டிவிட்டு அதோடு நின்றுவிட்டது. பெட்டியில் பார்த்தால், யாரும் பார்க்காத நேரத்திலும் அந்த டி.வி. நிமிஷத்துக்கு ஆறு தடவை தன் கம்பெனியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு நாற்பத்தொன்று என்று என்னைச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். போனால் போகிறது என்று அதற்கு அனுமதி கொடுத்தேன். அடுத்து மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவரும் நம் வைஃபைதான். போனில் எந்நேரமும் குறுக்கெழுத்துப் போடுவதால் எங்களுக்கு அவர் குறுக்கெழுத்துக்காரர். விளம்பரத் தொல்லையிலிருந்து விடுதலை கொடுத்ததற்கு நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. அந்த விளையாட்டில் ஒரு விளம்பரத்தை முழுசாகப் பார்த்தால் ஒரு எழுத்தைக் காட்டிக் கொடுப்பார்களாம். நான்கு நாளாக விளம்பரமே வராமல், மேலிருந்து கீழ் பதினொன்றில் மாட்டிக்கொண்டு தவிக்கிறாராம். அவருக்கும் அனுமதி கொடுத்தேன். விளம்பரம் வேண்டும் என்று மனுப்போட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

பெரிய தகராறு மகளோடுதான். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு மெத்தைக் கம்பெனிக்கு விளம்பரம் செய்கிற வேலை பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் பெட்டிக்குத் தெரியாதே. இரண்டு மாதம் உழைத்துச் செய்த விளம்பரம் பக்கத்தில் எப்படி வருகிறது என்று மேலதிகாரிக்குத் திரையில் காட்டுகிறாள், அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கிறது. அவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, வெள்ளை மெத்தை போலிருக்கிறது, எளிமையாக நன்றாக இருக்கிறது என்றாராம். அவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து, "அம்மா, நீ தடுக்கிறதுதான் என் வேலை" என்றாள். அவள் கணினிக்கு மட்டும் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றாக அனுமதி கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் யாரைத்தான் தடுக்கிறாய் என்று நீ கேட்பாய். என்னையும் உன் அத்தானையும்தான். இங்கிருந்துதான் குடும்ப விஷயம் ஆரம்பிக்கிறது.

பெட்டிக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. எந்தக் கருவி எத்தனை மணிக்கு எந்தப் பெயரைக் கேட்டது என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகும். கொடுத்தது பச்சையில், தடுத்தது சிவப்பில். நீ அதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தாய், பார்க்காதே என்று எழுதியிருக்கவேண்டும். எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த பாடம், காதில் விழுந்தது வாய்க்கு வரக்கூடாது என்பது. யார் எந்த டாக்டரின் எண்ணைக் கேட்டார்கள், யார் எந்த வக்கீலின் எண்ணைக் கேட்டார்கள் என்று முப்பத்தொரு வருஷமாக நான் வாய் திறந்ததில்லை. ஆனால் காதில் விழாமல் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டுக் கருவிகளுக்கு மகள், மாடி, நான், அவர் என்று பெயர் வைத்தேன். பிறகு தினமும் காலையில் காப்பியோடு உட்கார்ந்து பதிவேட்டைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. நாலாவது வாரம், அவர் என்ற வரியில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. இனியகுரல். மத்தியானம் ஒன்று இருபது. அதற்கு முந்தின நாளும் ஒன்று இருபது. அதற்கும் முந்தின நாள் இரண்டு தடவை.

உனக்கு உன் அத்தானைத் தெரியும். பட்டறையில் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு காருக்கு அடியில் போனால் மத்தியானம் சாப்பிடத்தான் வெளியே வருவார். போனில் அவசரத்துக்குப் பேசுவார், வெளியில் நெட் போடமாட்டார். அப்படிப்பட்டவர் சாப்பிட்ட கையோடு நம் வீட்டில் ஸ்கூட்டர் நிறுத்துகிற தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்து, ஸ்கூட்டர் மேலேயே கால் நீட்டி, இனியகுரலைக் கேட்கிறார். நான் சந்தேகப் பிராணி இல்லை. ஆனால் எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்பதை நீ மறந்திருக்க முடியாது. அந்தக் காலத்தில் அவர் வாரத்துக்கு மூன்று தடவை விசாரணைக்குப் போன் செய்து ஒரே உதிரிபாகக் கடையின் எண்ணைக் கேட்பார். மூன்று தடவையும் நான் சொல்வேன். அந்தக் கடைக்கு நேர் எதிரில்தான் பட்டறை என்று பின்னால்தான் தெரிந்தது. உன் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று கல்யாணமான மறு வாரம் ஒப்புக்கொண்டார். ஒரு தடவை குரலில் விழுந்த மனிதர் இன்னொரு தடவை விழமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அதன் பிறகு பார்த்ததெல்லாம் அதற்குத் தகுந்தாற்போலவே இருந்தது. நான் ஏதாவது சொன்னால் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சரி சரி" என்பார். கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னால் சரி சரி என்று வெறுங்கையோடு வருவார். நாலு பேர் கூடிய இடத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்பார். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஏதோ துக்கச் செய்தி சொல்ல, இவர் ரொம்ப சந்தோஷம் என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். மனசு இங்கே இல்லை என்று முடிவு செய்தேன். கேட்டு, சண்டை போட்டு, அழுது, இதெல்லாம் எதற்கு? கையில் பெட்டி இருக்கிறது. தடுக்கும் பட்டியலில் இருபதாவதாக, என் கையாலேயே, இனியகுரல் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிச் சேர்த்தேன். அன்று மத்தியானம் ஒன்று இருபதுக்கு அவர் வரியில் சிவப்பு விழுந்தது. ஒன்று இருபத்தொன்றுக்கு ஒரு சிவப்பு. இருபத்திரண்டுக்கு இரண்டு. உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். அவ்வளவு திருப்தியாக நான் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

ஒன்பது நாள் அப்படிப் போனது. வியாழக்கிழமை மட்டும் பதினாறு சிவப்பு. அன்று சட்டை மாற்றிக்கொண்டு, தலைசீவி, கொட்டகைக்குப் போனவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பட்டறைக்கே போய்விட்டார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். அதன் பிறகு மத்தியானம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் தம்பி, ஜெயித்த வீடு மாதிரி இல்லை அது.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் வாசலில் வந்து நின்றார். பட்டறையில் பேசவேண்டியதை வீட்டுக்கு வந்து பேசினார் என்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள். முன் சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்று புதன்கிழமை வேனைக் கொண்டுவந்து விட்டாராம். இவர் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளே பதினோரு குழந்தைகளோடு போகும்போது அந்தச் சக்கரத்தின் பியரிங் பிடித்துக்கொண்டு வேன் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. மெதுவாகப் போனதால் ஓரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் போகிற காரின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிறவர் நீங்கள் என்றுதான் இருபது வருஷமாக உங்களிடம் வருகிறேன் என்றார். உன் அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனியகுரல் என் வீட்டை மட்டுமல்ல, பதினோரு வீட்டைக் கெடுக்கப் பார்த்திருக்கிறது. இனிமேல் பெட்டியை நம்பிப் பயனில்லை, நேரில் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

டிரைவர் போனதும் சாப்பாட்டு மேசைக்கு எதிர் எதிரே உட்கார்ந்தோம். முன்னறையில் மகள் சனிக்கிழமையும் ஒரு மீட்டிங்கில் இருந்தாள், அதனால் தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"இனியகுரல்னு ஒண்ணு. எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து என் வாயையே பார்த்தார். "தெரிஞ்சுபோச்சா," என்றார். மறுக்கக்கூட இல்லை.

"எவ அவ?"

"எவ்வளவா? முதல் தடவை ஃப்ரீன்னு போட்டிருக்கான்."

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "இந்த வயசுல இது தேவையா உங்களுக்கு?"

"இந்த வயசுலதான் தேவை. என் வயசுக்காரங்க நிறையப் பேர் போறாங்களாம். நான்தான் வெக்கப்பட்டுக்கிட்டுத் தள்ளிப் போட்டேன்."

"மகளுக்குத் தெரியுமா?"

"அவகிட்ட எப்படிச் சொல்றது? உன்கிட்ட சொல்லவே கூச்சமா இருந்துச்சு. ரெண்டு பக்கமும் வேணும்னு நினைக்கிறேன். வலது பக்கம் ரொம்ப மோசம்."

"எது வலது பக்கம்?"

"காதுதான்."

மேசை விளிம்பை விட்டேன். அவரே சொன்னார். ஒன்றரை வருஷமாக மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. தடித்த சத்தமெல்லாம் கேட்கிறதாம், கீச்சென்று மெல்லியதாக வருவது எதுவும் கேட்பதில்லையாம். நான் பேசினால் பேசுகிறேன் என்று தெரிகிறது, என்ன பேசுகிறேன் என்று பாதிதான் தெரிகிறது, அதனால் எல்லாவற்றுக்கும் சரி சரி. ஒரு நாள் போனில் செய்தி பார்க்கும்போது, காது கேட்கும் கருவி விற்கிற இனியகுரல் என்ற இடத்தின் விளம்பரம் வந்திருக்கிறது. தட்டிப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து அந்த விளம்பரம் போகிற இடமெல்லாம் கூடவே வந்திருக்கிறது. யாரிடமும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், ஒரு மனிதரை நம்புகிற மாதிரி அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். நான் பெட்டியை வைத்ததும் அது வருவது நின்றுவிட்டது. ஆனால் பெயர் நினைவிருந்ததால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் தேடிப் போய், சோதனைக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறார். போகவேண்டிய விலாசம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குள் திறக்காமல் போன பக்கம் கிளம்புகிற நேரத்திலும் திறக்கவில்லை.

"நமக்கெல்லாம் வேண்டாம்னு அவங்களே மூடிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்," என்றார். "அந்த வேனை நான் ஓட்டிப் பாத்தேன். அமைதியாத்தான் இருந்துச்சு. அமைதியா இருக்குன்னு சொல்லி அனுப்பிச்சேன். உள்ள பதினோரு பசங்க."

அதைச் சொல்லும்போது அவர் கை மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கை காரணமில்லாமல் ஒன்றைத் திருகி நான் பார்த்ததில்லை.

பக்கத்தை மூடியது நான்தான் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "என்ன?" என்று காதைத் திருப்பினார். மூன்றாவது தடவை, எழுந்து நின்று, நான்தான் தடுத்தேன், சந்தேகப்பட்டுத் தடுத்தேன், புத்தி கெட்டுப்போய்த் தடுத்தேன் என்று என்னிடம் இருந்த மொத்தக் குரலிலும் சொன்னேன். அது அவருக்கும் கேட்டது, மகளுக்கும் கேட்டது, மகளின் மீட்டிங்கில் இருந்த எட்டுப் பேருக்கும் கேட்டது. மேலதிகாரி, யார் யாரைத் தடுத்தார்கள், அந்த வெள்ளைக் கட்டம் சம்பந்தமாகவா என்று கேட்டாராம். உன் அத்தான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். வேறு பெண் என்று நினைத்தாயா, பெட்ரோல் வாடை அடிக்கிற எனக்கா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை நீ யாரிடமும் சொல்லவேண்டாம்.

தடையை எடுக்க ஒரு நொடிதான் ஆனது. போட எவ்வளவு நேரமானதோ அவ்வளவுதான். திங்கட்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே இனியகுரலுக்குப் போனோம். சின்ன அறை, சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டியிருந்தது. அவரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றாள் அங்கே சோதனை செய்கிற பெண். அவர் இன்ஜினைச் சோதிப்பது மாதிரி கண்ணை மூடித் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். முதலில் சுறுசுறுப்பாக அழுத்தினார். போகப் போக அழுத்துவது குறைந்தது. கடைசியில் அந்தப் பெண் சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள், இவர் கை பொத்தான் மேல் காத்துக்கொண்டே இருக்கிறது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் போய்விட்டேன். போன செவ்வாய்க்கிழமை இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினார்கள். வெளியே வந்து தெருவில் நின்றோம். எங்களைத் தாண்டி ஒரு லாரி போனது. "ஃபேன் பெல்ட் தேஞ்சுபோச்சு," என்றார். அடுத்த சிக்னலில் அது நின்றபோது ஓடிப்போய் டிரைவரிடமே சொல்லிவிட்டு வந்தார். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே வேன் டிரைவரைக் கூப்பிட்டார். என் காது போய்விட்டிருந்தது, அதை உங்களிடம் மறைத்தது தப்பு என்று நேராகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். நான்கு சக்கரத்துக்கும் பியரிங் மாற்றி, அவரையே பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தெரு ஓட்டிக் காட்டினார். டிரைவர் நேற்று தன் மைத்துனரின் காரை அனுப்பியிருக்கிறார். வீட்டில் இப்போது உன் அத்தானுக்கு எல்லாமே சத்தம். நான் செருப்பைத் தேய்த்து நடக்கிறேனாம், குழாய் சொட்டுகிறதாம், அப்பளம் கடிப்பது இடி மாதிரி இருக்கிறதாம். கேட்கட்டும்.

என் பங்குக்கு, இனிமேல் பதிவேட்டைப் பார்ப்பதில்லை என்று முடிவு எடுத்தேன். பெட்டியின் திரைப்பக்கத்தையே திறப்பதில்லை. கேட்டால் எண்ணைச் சொல்வது அதன் வேலை, யார் கேட்டார்கள் என்பது என் வேலை இல்லை. பத்தொன்பது பட்டியலில் நீ சொன்ன ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிட்டேன். அதன் பலனைத்தான் சொல்ல வந்தேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்று சனிக்கிழமை வரை, ஐந்து நாளாக வீட்டில் ஒரு புகார் கிடையாது. மகள் வாய் திறக்கவில்லை, டி.வி. ஒழுங்காக இருக்கிறது, குறுக்கெழுத்துக்காரர் படியில் பார்த்தால் சிரிக்கிறார். என் போனில் மட்டும் ஒன்றிரண்டு விளம்பரம் தலைகாட்டியது, எவ்வளவு நல்ல கொசுவலையிலும் ஒரு கொசு வந்துவிடும் என்று நான் பொருட்படுத்தவில்லை. ஆக, இந்த வித்தை முழுசாக என் கைக்கு வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம். அதனால் பதினாலாம் தேதி வியாழக்கிழமை புறப்பட்டு அங்கே வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உனக்கென்று புதிதாக ஒரு பெட்டியும் ஆர்டர் செய்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாதே. ஊருக்கெல்லாம் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறவன் வீட்டில் விளம்பரம் தாறுமாறாக வருகிறது என்று உன் மனைவியே என்னிடம் குறைப்பட்டாள். நீ ஒன்றும் செய்யவேண்டாம், ரூட்டரின் பாஸ்வேர்டை மட்டும் எடுத்து வை. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் தேடுவது கிடைத்து, வேண்டாதது வராமல், தட்டிய பக்கமெல்லாம் உடனே திறந்து நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அத்தானிடம், பதினாலாம் தேதி நான் இல்லாத சமயம் பெட்டியைத் தொடாதீர்கள் என்று சொன்னேன். எந்தப் பெட்டி என்றார். காட்டினேன். "அதுவா, அதைச் செவ்வாக்கிழமையே பிடுங்கிட்டேனே. கீச்சு கீச்சுன்னு விடாம கத்துது. மனுஷன் எப்படி அந்த அறையில இருக்கிறது," என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான், செருகி கீழே கிடக்கிறது. பிறகு ஐந்து நாளாக நெட் எப்படி வந்தது என்று மகளைக் கேட்டேன். காது விஷயம் வெளியே வந்த அன்றே, பெட்டி இல்லாவிட்டாலும் வேலை நடக்கட்டும் என்று ரூட்டரில் பெயர் கேட்க இரண்டாவது முகவரி ஒன்றை எனக்குத் தெரியாமல் எழுதி வைத்தாளாம். மறுபடி செருகிப் பெட்டியில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. மகள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து, "ஆமாம்மா, முதல் நாள்லேருந்தே கத்துது. நீ சந்தோஷமா இருந்தியேன்னு சொல்லலை," என்றாள். நான் இன்னொரு காதையும் வைத்துப் பார்த்தேன். உன் அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார், திரும்பி வந்து பதினாலாம் தேதி வியாழக்கிழமை இனியகுரலில் எனக்கு நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னார். ஆகையால் டிக்கெட்டை இருபத்தொன்றாம் தேதிக்கு மாற்றியிருக்கிறேன். புதுப் பெட்டி ஆர்டரை ரத்து செய்துவிட்டேன், இதையே எடுத்து வருகிறேன். உன் வீட்டில் யாருக்குக் காது மந்தமோ அவர் அறையில் இடம் பார்த்து வை.